உடன் அமரும் பந்தி

நுழையும்முன்

பசித்தவருக்கு உணவளிப்பது தமிழர் போற்றிய அறம். பசித்தவரைத் தம் பந்தியில் அமரச்செய்து உடனிருந்து உண்பது அதனினும் ஒருபடி மேலானது. அறிவுசார் குறைபாடு உடையோரிடத்தில் சமூகம் நெடுங்காலம் முதல்வகை அறத்தோடு நின்றுவிட்டது. அவர்களோடு ஒரே கூரையின்கீழும் ஒரே ஊரிலும் சேர்ந்து வாழ முயன்ற சமூகங்களைப் பற்றியும் அவை கற்றுத்தரும் பாடங்களைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

சந்தையும் பல கைகளும்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகே, மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ஆயக்குடிப் பேரூர். பழைய திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய இவ்வூர், இன்று கொய்யாவிற்குப் பெயர்பெற்றது. தோட்டங்களில் பறித்த பழங்கள் காலைப்பொழுதில் சந்தைக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் பெரியது, சிறியது, காய், கனி எனப் பிரிக்க வேண்டும்; அடிபட்டவற்றை விலக்க வேண்டும்; பெட்டிகளில் நோகாமல் அடுக்க வேண்டும்; வண்டியில் ஏற்ற வேண்டும். விலை பேசுவோர் சிலர். கணக்கு எழுதுவோர் அவர்களினும் சிலர். எஞ்சிய பணிகள் அனைத்தும் கண்ணாலும் கையாலும் பொறுமையாலும் நடப்பவை. ஓர் ஊரின் உழைப்பு ஒரே வகைத் திறனால் நடைபெறுவதில்லை என்பதற்கு இத்தகைய சந்தையே சான்று.

ஆயினும் எந்த ஊரின் சந்தையிலும் பள்ளியிலும் திருவிழாவிலும் ஒருசாரார் எளிதில் கண்ணில் படுவதில்லை. அவர்கள் அறிவுசார் குறைபாடு உடையோர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் அறிவுசார் குறைபாடு உடையோராகப் பதிவுசெய்யப்பட்டனர். இத்தனை பேர் வாழும் நாட்டில் அவர்களைப் பொதுவெளியில் அரிதாகவே காண முடிகிறதெனில், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்னும் கேள்வி எழுகிறது. பலர் வீட்டின் உள்ளறையில் இருக்கிறார்கள். சிலர் ஊருக்கு வெளியேயுள்ள காப்பகங்களில் இருக்கிறார்கள்.

அறிவுசார் குறைபாடு

கற்றல், காரணகாரியங்களை ஆராய்தல், சிக்கலுக்குத் தீர்வு காணுதல் ஆகிய அறிவுச் செயல்பாடுகளிலும், அன்றாட வாழ்விற்குத் தேவையான நடைமுறைத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க வரம்பு இருத்தலே அறிவுசார் குறைபாடு எனப்படும். இது வளர்ச்சிப் பருவத்திலேயே வெளிப்படுகிறது. இதற்குக் காரணங்கள் பல. இருபத்தொன்றாம் குரோமோசோம் கூடுதலாக அமைவதால் உண்டாகும் டவுன் நிலை, பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி போதாமை, கருவுற்ற தாய்க்கு அயோடின் பற்றாக்குறை, இளமையில் தாக்கும் மூளைக்காய்ச்சல் ஆகியன அவற்றுள் சில. பல நேர்வுகளில் காரணம் இன்னதென்று கண்டறிய இயலுவதில்லை. இது தொற்றுநோயன்று, முற்பிறவிப் பயனுமன்று.

அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றாகக் கருதுவது பரவலாகக் காணப்படும் பிழை. மனநோய் எவருக்கும் எந்த வயதிலும் வரலாம்; மருத்துவத்தால் குணமாகவோ கட்டுப்படவோ கூடும். அறிவுசார் குறைபாடு வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் இயல்பு. அதற்குத் தேவைப்படுபவை உரிய பயிற்சியும் துணையும் ஆகும். இருவேறு நிலைகளையும் குழப்பிக்கொண்டதன் விளைவாக இரு சாராரும் ஒரேவிதமாக ஒதுக்கப்பட்டனர்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு முதல் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை வழங்கிவருகிறது. 'மனவளர்ச்சி குன்றியோர்' என்னும் பழைய வழக்கிற்கு மாற்றாக 'அறிவுசார் குறைபாடு உடையோர்' என்பது இன்று வழங்குகிறது.

பெற்றோரின் கேள்வி

அறிவுசார் குறைபாடுடைய குழந்தையை வளர்க்கும் பெற்றோரின் மனத்தில் ஒரு கேள்வி இரவும் பகலும் நிலைத்திருக்கிறது. 'எங்களுக்குப் பின் யார்?' என்பதே அது. பிள்ளைகள் பெற்றோரைத் தாங்கும் காலத்தை எதிர்நோக்கியே பிற குடும்பங்கள் வாழ்கின்றன. இக்குடும்பங்களிலோ எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் நிலையும் உண்டு. தாயின் கை ஓயும் நாளில் அந்த மகனுடைய வாழ்வு என்னாகும்?

இக்கேள்விக்குச் சமூகம் இதுவரை அளித்துள்ள விடைகள் மூன்று. முதலாவது, உடன்பிறந்தோரின் பொறுப்பில் விடுதல். அன்பு மிக்க குடும்பங்களில் இது நன்கு நடைபெறுகிறது. எனினும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணொருத்தியின் படிப்பையும் வேலையையும் விலையாகப் பெற்றே இது நடைபெறுகிறது. கூட்டுக்குடும்பம் சுருங்கிவரும் காலத்தில் இவ்விடையை மட்டும் நம்பியிருத்தல் அரிது.

இரண்டாவது, காப்பகத்தில் சேர்த்தல். நல்ல காப்பகங்கள் உணவும் உறைவிடமும் மருத்துவமும் அளிக்கின்றன. ஆயினும் ஊர்க்கண் படாத இடத்தில், கேள்வி கேட்பார் இல்லாத நிலையில், காப்பகம் சிறையாக மாறிவிடக்கூடும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் மனநோயாளிகளே எனினும், ஊரின் பார்வையிலிருந்து விலக்கப்பட்ட எவருக்கும் நேரக்கூடியது எது என்பதை அத்துயரம் நாட்டிற்கு உணர்த்தியது.

மூன்றாவது விடை, குறைபாடு உடையோரும் இல்லாதோரும் சேர்ந்து வாழும் உள்ளடங்கிய சமூகம். இது நேற்றுத் தோன்றிய கருத்தன்று.

கேல் நகரின் குடும்பங்கள்

பெல்ஜியம் நாட்டிலுள்ள சிறுநகரம் கேல். அங்குள்ள தூய திம்ப்னாவின் ஆலயத்திற்குக் குணம் வேண்டி இடைக்காலத்திலேயே மக்கள் வந்தனர். மனநோய் உடையோரும் அறிவுசார் குறைபாடு உடையோரும் அவர்களுள் அடங்குவர். வந்தோர் அனைவரையும் தங்கவைக்க ஆலயத்தில் இடம் போதவில்லை. எனவே அருகிலிருந்த உழவர் குடும்பங்கள் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டன. நேர்த்திக்கடனாகத் தொடங்கிய வழக்கம் பல நூற்றாண்டுகளாக ஊரின் இயல்பாகவே ஆகிவிட்டது. 1930களின் இறுதியில் ஏறத்தாழ 3,700 பேர் இவ்வாறு குடும்பங்களோடு வாழ்ந்தனர். அரசு மருத்துவமனை இம்முறையைக் கண்காணித்து உதவியது. எண்ணிக்கை இன்று பெரிதும் குறைந்திருப்பினும் வழக்கம் முற்றும் மறையவில்லை.

வீட்டில் வந்து தங்குவோரைக் கேல் மக்கள் 'நோயாளி' என்று அழைப்பதில்லை. 'வீட்டில் தங்குபவர்' என்னும் பொருள் தரும் சொல்லாலேயே அழைக்கின்றனர். அவருடைய நோயின் பெயரைக் குடும்பத்தார்க்குத் தெரிவிக்காத மரபும் நெடுங்காலம் இருந்தது. பெயர் தெரிந்தால் அப்பெயரே முன்னிற்கும். தெரியாவிடில் மனிதரே முன்னிற்பார். இவ்வூர் உலகிற்கு அளித்த முதற்பாடம் இதுவே.

போர்க்காலத்தில் முளைத்த காம்ப்ஹில்

1939ஆம் ஆண்டில் ஐரோப்பா இருவேறு காட்சிகளைக் கண்டது. ஜெர்மனியின் நாஜி அரசு, உடற்குறையும் மனக்குறையும் உடையோரை 'வாழத் தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்திக் கொல்லத் தொடங்கியது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற்குள் 70,000க்கும் மேற்பட்டோர் நச்சு வாயுவிற்கு இரையாயினர்.

அதே ஆண்டுகளில், வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி ஸ்காட்லாந்து சென்ற குழந்தை மருத்துவர் கார்ல் கோனிக், தம்மைப் போன்ற அகதிகள் சிலரோடு சேர்ந்து, அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுடன் வாழத் தொடங்கினார். 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் அக்குழுவினர் அபர்தீன் நகருக்கு அருகிலிருந்த காம்ப்ஹில் என்னும் பண்ணை வீட்டில் குடியேறினர். அவ்வீட்டின் பெயரே இயக்கத்தின் பெயராயிற்று. தம் நாட்டால் துரத்தப்பட்டோர், உலகால் ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு இல்லம் அமைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபோது, 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பாட்டன் என்னும் சிற்றூர் உருவாக்கப்பட்டது. வயல், மாட்டுத்தொழுவம், அடுமனை, பட்டறைகள் ஆகியன அங்கு அமைந்தன. உடன்வாழ்வோர் தமக்கெனக் கூலி பெறாமல், அவரவர் தேவைக்கேற்பப் பொதுநிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. உழைப்பு வேறு, பிழைப்பிற்கான பொருள் வேறு என்று பிரித்ததால், மெதுவாக உழைப்பவரின் மதிப்பு குறையவில்லை. பிற்காலச் சட்ட, நிதி விதிகளால் பல காம்ப்ஹில் ஊர்களில் உடன்வாழ்வோர் ஊதியம் பெறும் பணியாளர்களாக மாறியுள்ளனர்.

பேழையும் நம்பிக்கை இல்லமும்

1964ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் துரோலி-புரேய் என்னும் சிற்றூரில் கனடா நாட்டவரான ழான் வனியே, காப்பகமொன்றில் வாழ்ந்துவந்த அறிவுசார் குறைபாடுடைய இருவரைத் தம்மோடு ஒரு சிறு வீட்டில் வாழ அழைத்தார். அவ்வீட்டிற்குப் 'பேழை' எனப் பொருள்படும் 'லார்ஷ்' என்னும் பெயர் இடப்பட்டது. இன்று ஏறத்தாழ 40 நாடுகளில் 150க்கும் மேற்பட்ட லார்ஷ் சமூகங்கள் இயங்குகின்றன.

இந்தியாவில் இவ்வியக்கம் 1970ஆம் ஆண்டு பெங்களூரில் 'ஆஷா நிகேதன்' என்னும் பெயரில் தொடங்கியது. இப்பெயருக்கு 'நம்பிக்கை இல்லம்' என்பது பொருள். பின்னர்க் கொல்கத்தா, சென்னை, கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதி ஆகிய இடங்களிலும் இல்லங்கள் தோன்றின. சென்னை இல்லம் கொட்டிவாக்கத்தில் அமைந்துள்ளது. மேலைநாட்டில் கிறித்தவப் பின்னணியில் பிறந்த கருத்து, இந்திய மண்ணில் இந்து, இசுலாமியர், கிறித்தவர் ஆகியோர் ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் இல்லமாக வடிவம் பெற்றது. தீபாவளியும் ரம்ஜானும் கிறிஸ்துமசும் அனைவர்க்கும் உரியவையாயின.

சேர்ந்து வாழ்தலின் நடைமுறை

இத்தகைய இல்லங்கள் காப்பகங்களிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றன? முதலாவது வேறுபாடு அளவில் உள்ளது. நூறு பேர் தங்கும் கூடத்தில் மணியடித்தால் எழ வேண்டும். மணியடித்தால் உண்ண வேண்டும். சில பேர் மட்டும் வாழும் வீட்டில், ஒருவருக்குக் காப்பி பிடிக்கும், மற்றொருவருக்குத் தேநீர் பிடிக்கும் என்பது நினைவில் நிற்கும்.

இரண்டாவது, முடிவெடுக்கும் உரிமை. உடுக்கும் சட்டை, உண்ணும் உணவு, உடன் செல்லும் நண்பர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது மனிதரின் அடிப்படை விருப்பம். பேச இயலாதவர் படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கலாம், கண்ணசைவால் தெரிவிக்கலாம். அவருக்காக முடிவெடுப்பதை விடுத்து, அவர் முடிவெடுக்கத் துணைநிற்பதே உடன்வாழ்வோரின் கடமையாகிறது.

மூன்றாவது, உழைப்பு. கடினமான பணியையும் சிறு படிகளாகப் பகுத்தால் பலராலும் செய்ய இயலும். கொய்யாவைத் தரம்பிரிக்கும் பணியையே எடுத்துக்கொள்வோம். 'நல்ல பழத்தைத் தனியே வை' என்னும் கட்டளை பலருக்கு விளங்காது. மூன்று கூடைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மாதிரிப் பழத்தை வைத்து, 'இதைப்போன்றதை இதில் இடுக' என்று செய்துகாட்டினால் பணி தெளிவாகிவிடும். அளவு காண, வட்டத் துளையிட்ட பலகையொன்றைத் தரலாம். துளையில் நுழையும் பழம் சிறியது, நுழையாதது பெரியது. எண்ணத் தெரியாதவருக்குக் குழியிட்ட தட்டைத் தரலாம். குழிகள் நிறைந்தால் கணக்கு முடிந்தது. மனிதரைப் பணிக்கேற்ப வளைக்காமல், பணியை மனிதருக்கேற்ப அமைக்கும் இம்முறையைச் சிறப்புக் கல்வியாளர்கள் பயிற்சி மையங்களில் கையாள்கின்றனர். செய்த வேலைக்கு உரிய கூலியும் கைக்கு வரும்போது, 'பராமரிக்கப்படுபவர்' 'உழைப்பவர்' ஆகிறார்.

நான்காவது, நட்பு. காப்பகத்தில் வாழ்பவரைச் சுற்றியிருப்போர் பெரும்பாலும் ஊதியத்திற்காக வந்தவர்களே. உடன்வாழும் சமூகத்தில் நண்பர்கள் கிடைக்கின்றனர். ஆனால் இங்கும் ஒரு துயரம் உண்டு. இளைஞர்கள் ஓராண்டு, ஈராண்டு உடன்வாழ்ந்து, பின்னர் மணமுடித்தும் வேலை கிடைத்தும் விடைபெறுகின்றனர். அவ்வீட்டையே வாழ்நாள் இல்லமாகக் கொண்டவரோ ஒவ்வொரு பிரிவையும் தாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். எனவே வந்துபோகும் தொண்டர்களை மட்டும் நம்பாமல், அண்டை வீட்டார், கடைக்காரர், பள்ளி மாணவர் எனத் தெருவோடு உறவை வளர்த்தல் இன்றியமையாதது.

வெளிச்சம் வேண்டும்

நற்செயல் செய்வோர் அனைவரும் குற்றமற்றவர் என்று கருதிவிடுதல் ஆபத்தானது. லார்ஷ் அமைப்பை நிறுவிய வனியே 2019ஆம் ஆண்டு மறைந்தார். தம் ஆன்மிகச் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தி அவர் பெண்கள் பலருக்குப் பாலியல் தீங்கிழைத்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அவ்விசாரணைக்கு ஏற்பாடு செய்ததும், அதன் முடிவை 2020ஆம் ஆண்டு வெளியிட்டுப் பாதிக்கப்பட்டோரின் பக்கம் நின்றதும் லார்ஷ் அமைப்பே. 2023ஆம் ஆண்டு அதனினும் விரிவான ஆய்வறிக்கையையும் அது வெளியிட்டது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. சேர்ந்து வாழும் சமூகம் ஒரு தனிமனிதரின் தூய்மையில் நிலைபெறலாகாது. கணக்குத் தணிக்கை, முறையீடு செய்ய வழி, வெளியார் வந்துபோகும் திறந்த வாயில் ஆகியவை அதன் தூண்களாக அமைய வேண்டும். தமக்கு நேர்ந்ததை எடுத்துரைக்க இயலாதோர் வாழும் இடத்தில் இத்தூண்கள் இருமடங்கு வலுவாக இருத்தல் வேண்டும்.

அறத்திலிருந்து உரிமைக்கு

அமுதசுரபி ஏந்திய மணிமேகலை உடற்குறை உடையோரையும் அழைத்து உணவளித்ததைச் சீத்தலைச் சாத்தனாரின் காப்பியம் கூறுகிறது. கொடுப்போர் மனம் மாறினால் கொடை நின்றுவிடும். உரிமை அவ்வாறு நிற்பதில்லை. எனவே இக்காலச் சமூகம் அறத்தைச் சட்டமாகவும் எழுதிவைத்துள்ளது.

இந்திய நாடாளுமன்றம் 1999ஆம் ஆண்டு இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம், பெற்றோரின் மறைவுக்குப் பின் அவர்தம் பிள்ளைகளின் பாதுகாப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் உள்ளூர்க் குழு, தேவைப்படுவோர்க்குப் பாதுகாவலரை நியமிக்கிறது. 'எங்களுக்குப் பின் யார்?' என்னும் கேள்வி சட்டத்தின் செவியை எட்டியதற்கு இது சான்று.

2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, சமூகத்தின் நடுவே பிறரோடு சமமாக வாழும் உரிமையை உறுதிசெய்கிறது. இந்தியா 2007ஆம் ஆண்டு இவ்வுடன்படிக்கைக்கு ஏற்பளித்தது. அதனைப் பின்பற்றி இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் 5ஆம் பிரிவு, எந்த மாற்றுத்திறனாளியையும் குறிப்பிட்டதோர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின் வரம்பிற்குள் அறிவுசார் குறைபாடு உடையோரும் முதன்முறையாகக் கொண்டுவரப்பட்டனர்.

ஆய்க்குடியும் ஆயக்குடியும்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரே பெயருடைய ஊர்கள் இரண்டு உள்ளன. தென்காசி மாவட்டத்திலுள்ளது ஆய்க்குடி. 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ச. இராமகிருஷ்ணன், தம் சொந்த ஊரான அங்கு 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் ஆண்டும் அதுவே. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் பிற குழந்தைகளும் சேர்ந்து பயிலும் பள்ளி அங்கு நடைபெறுகிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் வீடுகளுக்கே பணியாளர்கள் சென்று, வளர்ச்சி தாமதமான குழந்தைகளை இளமையிலேயே கண்டறிந்து பயிற்சி அளிக்கின்றனர். குழந்தையை ஊரிலிருந்து பிரிக்காமல், பயிற்சியை ஊருக்குக் கொண்டுசெல்லும் முறை இது. அவருடைய பணிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கொய்யா விளையும் ஆயக்குடி போன்ற எந்தப் பேரூரும் இப்பாதையில் நடக்கலாம். அதற்குப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டும் என்னும் கட்டாயமில்லை. அங்கன்வாடியும் பள்ளியும் சந்தையும் நூலகமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் கதவுகள் அனைவர்க்கும் திறந்திருக்கின்றனவா என்பதே கேள்வி. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ் 'விழுதுகள்' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்பட்டுவருகின்றன. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025ஆம் ஆண்டு நிறைவேற்றியது. இதுவரை யாரைப் பற்றிப் பிறர் பேசிவந்தனரோ, அவர்களே ஊர்மன்றத்தில் அமர்ந்து பேசும் காலம் தொடங்கியுள்ளது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே அழைத்து அமரவைப்பது அண்டை வீட்டாரின் செயல். பிறந்தநாளுக்கு அழைக்கும் நண்பன், கொடுத்த காசுக்குச் சரியான மீதியைப் பொறுமையோடு எண்ணித்தரும் கடைக்காரர், இறங்கும் இடத்தை நினைவூட்டும் பேருந்து நடத்துநர் ஆகியோரால்தான் ஊர் ஒவ்வொரு நாளும் அகலமாகிறது. அத்தகைய ஊரில் எழுபது வயதுத் தாயின் கேள்விக்கு, ஒரு தனிமனிதரின் பெயர் விடையாக இருக்க வேண்டியதில்லை. 'எங்களுக்குப் பின் யார்?' என்று அவர் கேட்கும்போது, 'இந்த ஊர்' என்னும் விடை அவருக்குக் கிடைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உம் ஊரின் சந்தை, நூலகம், பேருந்து நிலையம் ஆகியவற்றுள் ஒன்றனைப் பார்வையிட்டு, அறிவுசார் குறைபாடுடைய ஒருவர் அங்குத் தனியே வந்துசெல்ல என்னென்ன மாற்றங்கள் தேவை என்பதைப் பட்டியலிடுக.

2. உம் வீட்டில் அன்றாடம் நடைபெறும் பணியொன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைச் சிறு படிகளாகப் பகுத்துப் படங்களுடன் விளக்கும் அட்டை உருவாக்குக.

3. 'உணவளித்தலும் உடனிருந்து உண்ணலும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.